மாமியார் உடைத்தால் மண்குடம்: நாட்டுத் தலைவர்களின் 'மக்கள் ஆணை'யை ஒரே கோலால் அளப்பது எப்படி?

ஆயர்_ஈத்தாம்_மேடை (கேள்வி)

வணக்கம். பினாங்கில் கல்லூரி மாணவர்களுக்கான சொற்போர் ஒன்றுக்கு நடுவர் குறிப்பேடு எழுத வேண்டியிருக்கிறது. தலைப்பு எல்லாச் சுற்றுக்கும் ஒன்றுதான்: 'இவருக்கு மக்கள் ஆணை உண்டா?' சுற்றுக்குச் சுற்று தலைவர் மட்டும் மாறுவார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, வாதங்கள் பெரும்பாலும் அந்தக் கதைதான். பிடிக்காத தலைவர் என்றால் 'பாதி ஓட்டுகூட வாங்கவில்லை' என்பது. பிடித்தவர் என்றால் 'அரசமைப்புப்படி வந்தவர், ஓட்டு விழுக்காட்டைப் பேசாதே' என்பது. மலேசியாவில் 2020-ல் மொகிதின் யாசின் பிரதமராக வந்தபோது கொல்லைப்புற அரசாங்கம் என்று எழுதியவர்களே 2022-ல் அன்வார் இப்ராஹிம் கூட்டணி அமைத்தபோது முதிர்ச்சி என்று எழுதினார்கள். எதிர்ப்பக்கம் அப்படியே தலைகீழ்.

எனக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, அளவுகோல். எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, நம்பகமான எண்கள் எவை, மாணவர்கள் எங்கே வழுக்குவார்கள்? மலேசியா, இந்தியா, இலங்கை, பிரிட்டன் கட்டாயம் வரும். தாய்லாந்தும் உக்ரேனும் வரலாம்.

---

ஓட்டுக்_கணக்கு

ஓட்டு விழுக்காட்டிலிருந்து தொடங்குங்கள். அதிகம் சறுக்குகிற இடம் அதுதான்.

செய்ய வேண்டிய கணக்கு சின்னது. வென்ற தரப்பின் இட விழுக்காட்டை அதன் ஓட்டு விழுக்காட்டால் வகுக்க வேண்டும். 1 வந்தால் வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம். அதற்கு மேலே போகப் போகத் தேர்தல் முறை கொடுத்த உபரி.

மலேசியா 2013: தேசிய முன்னணிக்கு ஓட்டு 47.4 விழுக்காடு, இடம் 222-ல் 133, அதாவது 59.9 விழுக்காடு. வகுத்தால் 1.26. எதிரணியான பக்காத்தான் ராக்யாட்டுக்கு ஓட்டு 50.9, இடம் 89. பிரிட்டன் 2024: தொழிற்கட்சிக்கு ஓட்டு 33.7, இடம் 650-ல் 411, அதாவது 63.2. வகுத்தால் 1.88. இந்தியா 2014: பாஜகவுக்கு ஓட்டு 31, இடம் 543-ல் 282. வகுத்தால் 1.67. கனடாவில் 2019-லும் 2021-லும் லிபரல் கட்சி ஓட்டில் இரண்டாவதாக வந்து, இடத்தில் முதலாவதாக வந்து ஆட்சி அமைத்தது. 2013-க்குப் பிறகு இங்கே நடந்ததுபோல அங்கே யாரும் கறுப்புச் சட்டை போட்டுத் தெருவில் இறங்கவில்லை.

பாலஸ்தீனம் 2006-ஐயும் போட்டுப் பார்க்கலாம். ஹமாஸ் 44.4 விழுக்காடு ஓட்டில் 132-க்கு 74 இடம் பிடித்தது. அங்கே பாதி இடம் கட்சிப் பட்டியல், பாதி இடம் மாவட்டம் என்ற கலப்பு முறை. வகுத்தால் 1.26. தேசிய முன்னணியின் 2013 எண்ணேதான்.

'அப்படியானால் 2013-ல் தேசிய முன்னணித் தலைவர் நஜிப்பின் வெற்றி 2024-ல் தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மரின் வெற்றியைவிட நேர்மையானது' என்று ஒரு மாணவர் எழுந்து சொல்வார், பாருங்கள். கணக்கு சரி, முடிவு தப்பு. உபரி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லையே.

பிரிட்டனில் சில தீவுத் தொகுதிகளை விட்டுவிட்டால், 2024-ல் பயன்பட்ட எல்லைகள் 69,724 முதல் 77,062 வாக்காளர் வரை என்ற வரம்புக்குள் வரையப்பட்டவை. சராசரியிலிருந்து மேலும் கீழும் 5 விழுக்காடு, அவ்வளவுதான். தொழிற்கட்சியின் உபரி எதிர் ஓட்டுகள் பல கட்சிகளாகச் சிதறியதால் வந்தது. இங்கே மலேசியாவில் கதை வேறு. 2022 பொதுத் தேர்தலில் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர், சரவாக்கின் இகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. பாங்கிக்காரரின் ஒரு ஓட்டு இகான்காரரின் ஓட்டில் பத்தில் ஒரு பங்கு எடை. 1957-ன் மெர்டேக்கா அரசமைப்பில் தொகுதிகள் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என்றானது. 1973-ல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. ஒன்று விதியின் விளைவு. மற்றது விதியையே சாய்த்தது. எண் ஒன்றாக வந்தாலும் நோய் வேறு.

மாணவர்கள் தவறாமல் விழும் இரண்டு குழிகள் உண்டு. ஒரு பக்கம் கட்சிக் கணக்கு, மறுபக்கம் கூட்டணிக் கணக்கு போட்டு ஒப்பிடுவது முதல் குழி. பாஜகவின் 31 தனிக் கட்சிக்கு. பக்காத்தானின் 50.9 மூன்று கட்சிகளுக்குச் சேர்த்து. 2022-ல் அன்வாரின் பக்காத்தான் ஹராப்பானின் ஓட்டு 37 விழுக்காட்டுக்குச் சற்று மேல், தேர்தலுக்குப் பிறகு அதோடு சேர்ந்த தேசிய முன்னணிக்கு 22 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இவற்றைக் கூட்டி 'அன்வாருக்கு 60 விழுக்காடு' என்று சொன்னால் நடுவர் நிறுத்த வேண்டும். 'அன்வார் வேண்டாம், ஜசெக (ஹராப்பானில் உள்ள டிஏபி கட்சி) வேண்டாம்' என்ற முழக்கத்துக்கு விழுந்த ஓட்டும் அந்த 22-க்குள் இருக்கிறது.

இரண்டாவது குழி, வாக்களிப்பு விகிதத்தைப் பெருக்குவது. பிரிட்டன் 2024-ல் 59.7 விழுக்காடு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். 33.7-ஐ அதோடு பெருக்கினால் பதிவு செய்த 100 பேரில் 20 பேர். மலேசியா 2013-ல் 84.8 விழுக்காடு, பெருக்கினால் 40 பேர். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அப்போது இங்கே வாக்காளர் பதிவு அவரவர் விருப்பம். வயது வந்தும் பதிவு செய்யாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 2021 டிசம்பர் 15-க்குப் பிறகுதான் 18 வயதானால் தானாகப் பதிவு. ஆகவே 2013-ஐயும் 2022-ஐயும்கூட இந்தக் கணக்கில் நேருக்கு நேர் வைக்க முடியாது, வெளிநாட்டோடு வைப்பது இருக்கட்டும்.

---

பிரிவு43

மேலே சொன்னது ஓட்டு எப்படி இடமாகிறது என்பது. இடம் எப்படி ஆளாகிறது என்பது அடுத்த கட்டம். நம் நாட்டுச் சண்டையெல்லாம் இங்கேதான்.

அரசமைப்பின் 43(2)(அ) பிரிவு சொல்வது: மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என மாமன்னர் கருதும் ஒரு உறுப்பினரை அவர் பிரதமராக நியமிப்பார். 'அதிக இடம் வென்ற கட்சியின் தலைவர்' என்ற சொல் அதில் இல்லை. 'மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்' என்பதும் இல்லை. ஆக 2020 மார்ச் 1-ல் மொகிதின், 2021 ஆகஸ்ட் 21-ல் இஸ்மாயில் சப்ரி, 2022 நவம்பர் 24-ல் அன்வார் மூவரும் நுழைந்தது ஒரே வாசல்தான். வாசலை வைத்து ஒருவரைக் குறை சொன்னால் மூவரையும் சொல்ல வேண்டும்.

வித்தியாசத்தை வாசலுக்கு உள்ளே தேடுங்கள். பெரும்பான்மை எப்படிச் சேர்ந்தது, அவையில் எப்போது எண்ணிக் காட்டப்பட்டது?

2020-ல் தேர்தல் முடிந்து 21 மாதம் ஆகியிருந்தது. ஆட்சியில் இருந்த, மொகிதினின் பெர்சத்து கட்சி ஹராப்பான் கூட்டணியை விட்டு வெளியேறியது, அன்வாரின் கட்சியான பிகேஆரிலிருந்து ஒரு குழு பிரிந்தது. 2022-ல் எவருக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு நாடாளுமன்றம்: ஹராப்பான் 82, மொகிதினின் பெரிக்காத்தான் கூட்டணி 74, தேசிய முன்னணி 30, சரவாக்கின் ஜிபிஎஸ் 23. யாரோடாவது யாராவது சேராமல் ஆட்சியே கிடையாது. முதலாவதில் இருந்த பெரும்பான்மையை உடைத்தார்கள், இரண்டாவதில் இல்லாததைச் சேர்த்தார்கள். கூட்டணி மாற்றம் குறித்து வாக்காளரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற குறை இரண்டுக்கும் பொது. அதைப் பேசாத அணிக்கு மதிப்பெண் குறையுங்கள்.

இனி எண்ணிக் காட்டியது. 2020-ல் மார்ச் 9-க்குக் கூட வேண்டிய மக்களவை மே 18-க்குத் தள்ளப்பட்டது. இந்தத் தேதி முக்கியம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18-ல்தான் வந்தது, ஒத்திவைப்பு அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. 'கோவிட்டால்தான் கூடவில்லை' என்ற வாதம் அங்கே பாதி உடைகிறது. மே 18 அன்றும் மாமன்னர் உரையோடு கூட்டம் முடிந்தது. தலையை எண்ணிய முதல் வாக்கெடுப்பு ஜூலை 13-ல், சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தில், 111-க்கு 109. நவம்பர் 26-ல் வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் குரல் வாக்கெடுப்பில் போனது. தலை எண்ணக் கோர 15 பேர் எழுந்து நிற்க வேண்டும், 13 பேர்தான் நின்றார்கள். டிசம்பர் 15-ல் மூன்றாம் வாசிப்பு 111-க்கு 108. பிறகு 2021 ஜனவரி முதல் ஆகஸ்ட் 1 வரை அவசரகாலம். நம்பிக்கைத் தீர்மானம் என்ற பெயரில் ஒன்று கடைசிவரை அவைக்கு வரவே இல்லை. ஆகஸ்ட் 16-ல் மொகிதின் பதவி விலகினார்.

அன்வார் 25-ஆவது நாளில், டிசம்பர் 19 அன்று, நம்பிக்கைத் தீர்மானம் கொண்டு வந்தார். நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில். 'தலை எண்ணவில்லையே' என்று எதிரணி சொன்னால் அந்தக் குறை நியாயமானது, குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானமே வராததும் குரலில் நிறைவேறியதும் ஒன்று என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

எங்கே எண்ண வேண்டும் என்பதிலேயே இரட்டை அளவு இருக்கிறது. 1966-ல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் உயர்நீதிமன்றம், முதலமைச்சர் நம்பிக்கை இழந்ததை அவை வாக்கெடுப்பில்தான் காட்ட வேண்டும் என்றது. 2009-ல் பேராக்கில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதும் 59 பேர் அவை 28, 28, 3 என்று நின்றது. சுல்தான் அவையைக் கலைக்க மறுத்தார், தேசிய முன்னணியின் சம்ரி மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) ஆனார். அந்தப் பதவியை இழந்த நிசார் தொடுத்த வழக்கில் 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், அவைக்கு வெளியேயும் வேறு சான்றுகளால் முடிவு செய்யலாம் என்றது. இந்தியாவில் 1994 எஸ்.ஆர். பொம்மை வழக்கு இதற்கு நேர் எதிர்: பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவைத்தளம்தான். அதனால்தான் 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியில் எத்தனை பேர் இருந்தாலும் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்துக்கு வந்து 122-க்கு 11 என்று காட்ட வேண்டியிருந்தது. வாஜ்பாய் 1999-ல் ஒரே ஓட்டில் வீழ்ந்ததும் தளத்தில்தான்.

பேராக்கை அநியாயம் என்று வாதாடும் அணியிடம் ஒரு தேதியைக் கேட்கச் சொல்லுங்கள்: 2008 செப்டம்பர் 16. அன்று தேசிய முன்னணி உறுப்பினர்கள் கூட்டமாகத் தாவி அன்வார் ஆட்சி அமைப்பார் என்று ஒரு தரப்பு நாளை எண்ணிக் காத்திருந்தது. அது நடக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தாவலுக்குப் பெயர் 'மாற்றம்', ஐந்தே மாதத்தில் பேராக்கில் அதற்குப் பெயர் 'துரோகம்'.

2022 அக்டோபர் 5 முதல், கட்சித் தாவலைத் தடுக்கும் 49அ பிரிவு நம் அரசமைப்பில் நடப்பில் உள்ளது. தனி ஆளாகத் தாவினால் தொகுதி காலி. கட்சி முழுவதும் கூட்டணி மாறினால் இந்தப் பிரிவு தொடாது. கட்சியே ஒருவரை நீக்கினாலும் அவர் இடம் போகாது. 'இப்போது தாவவே முடியாது' என்று யாராவது சொன்னால் தவறு.

---

செந்தூல்_வாசி

எல்லாம் சரிங்க. ஆனா இந்த மாதிரி ஒப்பிட்டுக்கிட்டே போனா கடைசியில 'எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டை'ன்னு முடியும். ஸ்டார்மரையும் வெனிசுவேலா மதுரோவையும் ஒரே தாள்ல போட்டு வகுத்தா, ஓட்டையே எண்ணிக் காட்டாதவன் தப்பிச்சிடுவான். 'நீ மட்டும் யோக்கியமா'ன்னு கேக்கறது சர்வாதிகாரிங்க நல்லாக் கத்துக்கிட்ட வித்தை. குறிப்பேட்டுல அதுக்கு என்ன வழி வெச்சிருக்கீங்க?

---

புக்கிட்_பெண்டேரா

செந்தூல் அண்ணே கேட்டது சரியான இடம். இரட்டை அளவு என்று நிரூபித்தால் அளந்தவர் மீதுதான் குற்றம் விழும். அளக்கப்பட்டவர் அதனால் சுத்தமாகிவிட மாட்டார். தராசு பிடித்தவன் கள்ளன் என்பதால் சொத்தைக் கத்தரிக்காய் நல்ல கத்தரிக்காய் ஆகுமா? மாணவர் இந்த இரண்டையும் குழப்பினால் அந்த வாதத்துக்குச் சுழியம் கொடுங்கள்.

ஓட்டுக்_கணக்கு சொன்ன வகுத்தலுக்கு முன்னால் ஒரு கதவு வைக்க வேண்டும்: எண்ணிக்கையை மூன்றாம் ஆள் சரிபார்க்க முடியுமா? முடியாது என்றால் வகுக்க எண்ணே கிடையாது, அங்கேயே நிறுத்திவிடலாம்.

நம்மூர் பாரம் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் ஒவ்வொரு சாலுரானுக்கும், அதாவது ஒவ்வொரு வகுப்பறைக்கும், தனித்தனிப் பாரம். வேட்பாளர் வாரியாக ஓட்டு, செல்லாத ஓட்டு, கொடுத்தும் பெட்டிக்கு வராத சீட்டு எல்லாம் அதில் இருக்கும். மையத் தலைவர் கையெழுத்து, எண்ணும் முகவர்கள் கையெழுத்து, முகவருக்கு ஒரு நகல். ஒரு கட்சி தன் முகவர்களின் நகல்களை எல்லாம் கூட்டினால் தொகுதி முடிவு வந்துவிட வேண்டும். 2018 தேர்தல் இரவில் கையெழுத்தில்லாத பாரம் 14 என்று அவ்வளவு கூச்சல் எழுந்தது இதனால்தான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் முடிவு வெறும் வாய்ச்சொல்.

வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28-ல் நடந்ததை இதே காகிதத்தால் அளக்கலாம். தேர்தல் மன்றம் மதுரோவுக்கு 51 விழுக்காடு சொச்சம் என்று அறிவித்தது, மேசை வாரியான எண்களை வெளியிடவே இல்லை. எதிரணி தன் முகவர்கள் வாங்கிய மேசைத் தாள்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரட்டி இணையத்தில் போட்டது. அவற்றின் கூட்டல் வேறு பக்கம் காட்டியது. நேரில் பார்வையிட்ட கார்ட்டர் மையம், தேர்தல் அனைத்துலகத் தரத்தை எட்டவில்லை என்றது. மதுரோ மீது கோபமோ அன்போ இதற்குத் தேவையில்லை.

அதே கதவில் எகிப்தையும் நிறுத்துங்கள். 2013-ல் தேர்வு பெற்ற அதிபரை ராணுவம் இறக்கியது. 2014-ல் அந்த ராணுவத்தின் தலைமையில் இருந்த சிசி 96.9 விழுக்காடு ஓட்டில் வென்றதாக அறிவிப்பு. கூட்டம் வராததால் வாக்களிப்பை மூன்றாம் நாளுக்கு நீட்டினார்கள், அப்படியும் 47.5 விழுக்காடுதான். ராணுவப் புரட்சி என்று அறிவித்தால் அமெரிக்கச் சட்டப்படி உதவியை நிறுத்த வேண்டிவரும். ஆகவே வாஷிங்டன் அந்தச் சொல்லையே சொல்லவில்லை. 2013 அக்டோபரில் உதவியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, 2015 மார்ச்சில் விடுவித்தது. இரட்டை அளவு எப்போதும் பொய் எண்ணாக வராது. பல நேரம் ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவதாக வரும். மாணவர் 'அரசு' என்று எந்த நாட்டுக்குச் சொல்கிறார், 'ஆட்சிக்கும்பல்' என்று எந்த நாட்டுக்குச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். சுவாரசியமாக இருக்கும்.

தாய்லாந்து இன்னொரு வகை. 2023 மே தேர்தலில் மூவ் ஃபார்வர்ட் கட்சி 500-ல் 151 இடத்தோடு முதலிடம். எண்ணியதில் குறை இல்லை, கூட்டணியும் கைவசம் இருந்தது. ஆனால் பிரதமர் தேர்வில் நியமன மேலவையின் 250 பேருக்கும் ஓட்டு. ஜூலை 13-ல் கட்சித் தலைவர் பிட்டாவுக்கு 324 கிடைத்தது, போதவில்லை. 2024 ஆகஸ்டில் கட்சியையே கலைத்தார்கள். ஓட்டு சுத்தம், அடுத்த படியில் அடைப்பு. 'தேர்தல் நியாயமாக நடந்தது' என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் இங்கே எதையும் காட்டாது.

---

ஆயர்_ஈத்தாம்_மேடை

நன்றி. நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாதவர்களை எப்படி அளப்பது? உக்ரேனின் செலென்ஸ்கி சுற்றில் இது கட்டாயம் வெடிக்கும். இரண்டு, மாணவர் தலைவரின் பெயரைப் பார்த்ததும் முடிவெடுப்பதை எப்படித் தடுப்பது?

---

புக்கிட்_பெண்டேரா

முதலாவதற்கு: 'நடத்தினாரா இல்லையா' என்று கேட்டால் விடை உதவாது. தள்ளிப்போட்டது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுமதி கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல அங்கே யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள்.

பிரிட்டனில் 1935-க்குப் பிறகு 1945 வரை பொதுத் தேர்தல் இல்லை. 1940 முதல் 1944 வரை ஆண்டுக்கு ஒரு சட்டம் போட்டு நாடாளுமன்றம் தன் ஆயுளை நீட்டியது. அவை கூடிக்கொண்டே இருந்தது. உக்ரேனில் செலென்ஸ்கி 2019-ல் 73 விழுக்காட்டோடு வந்தார். ஐந்தாண்டு 2024 மே 20-ல் முடிந்தது. போர்க்காலச் சட்டம் நடப்பில் இருக்கும்வரை தேர்தல் நடத்த அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. போர்க்கால நிலையை நாடாளுமன்றம் வழக்கமாக 90 நாளுக்கு ஒருமுறை வாக்கெடுத்து நீட்டுகிறது. புதிய அதிபர் பொறுப்பேற்கும்வரை பழையவர் தொடர்வார் என்பது அரசமைப்பின் 108-ஆவது பிரிவு. எதிர்வாதத்துக்கும் இடம் இருக்கிறது: அரசமைப்பு போர்க்காலத்தில் நாடாளுமன்றத்தின் காலத்தை நீட்டுவதாக வெளிப்படையாகச் சொல்கிறது, அதிபருக்கு அந்த அளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. எதிரணி அதைக் கொண்டுவந்தால் நல்ல மதிப்பெண் கொடுங்கள்.

மஹ்மூத் அப்பாஸ் 2005 ஜனவரியில் பாலஸ்தீன அதிபராக நான்காண்டுக்குத் தேர்வானார். அதன்பின் அதிபர் தேர்தலே இல்லை. சட்டமன்றம் 2007-க்குப் பிறகு செயல்படவில்லை, 2018-ல் கலைக்கப்பட்டது. 2021 மே மாதத்துக்கு அறிவித்த தேர்தலும் தள்ளிப்போனது. செலென்ஸ்கியைச் சர்வாதிகாரி என்பவர் அப்பாஸைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்கலாம். அப்பாஸை ஏற்றுக்கொண்டு இன்னொருவருக்குக் காலாவதி முத்திரை குத்தும் அரசுகளையும் கேட்கலாம்.

நம் இரண்டு நாட்டையும் விட்டுவிடாதீர்கள். மலேசியாவில் 1969 மே கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. நீட்டிக்க அனுமதி கேட்க அவையே இல்லை. இலங்கையில் 1982 டிசம்பர் 22-ல் ஜெயவர்தன அரசு பொதுத் தேர்தலுக்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு வைத்தது. விளக்குக்குப் போட்டால் நாடாளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு நீடிக்கும், குடத்துக்குப் போட்டால் வேண்டாம். விளக்குக்கு 54.66 விழுக்காடு. மக்களிடம் கேட்டார்கள்தான், ஆனால் என்ன கேட்டார்கள்? 1977-ல் 50.9 விழுக்காடு ஓட்டில் 168-க்கு 140 இடம் வாங்கிய அவையை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று. பாதிக்குச் சற்று மேல் ஓட்டு ஆறில் ஐந்து பங்கு அவையாகி, அந்த அவை இன்னோர் ஆயுளும் வாங்கிக்கொண்டது. ஓட்டெடுப்பு நடந்தாலே மக்கள் ஆணை என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

---

பிரிவு43

இரண்டாவது கேள்விக்கு: பெயரை மறைத்த அட்டை. அரைப் பக்கத்தில் உண்மைகளை மட்டும் எழுதி, நாடு, கட்சி, ஆண்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். இரு அணியும் அட்டைக்கு எழுத்தில் தீர்ப்பு கொடுத்துக் கையெழுத்திட்ட பிறகு பெயர் வெளிவரும். அதற்குப் பிறகு நிலையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியதற்குக் காரணம் அட்டையில் இருக்கும் வரி ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு மாதிரி: 'தன் தொகுதியிலேயே தோற்றவர். அவர் கட்சிக்கு நாடு முழுதும் கிடைத்தது ஒரே ஒரு பட்டியல் இடம், அதில் அவைக்கு வந்தார். முந்தைய அதிபர் நாட்டை விட்டு ஓடிய பின், 225 பேர் அவையில் 134 ஓட்டு வாங்கி அதிபரானார்.' இலங்கையின் ரணில் 2022 என்று பெரும்பாலோர் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் இந்த முறையின் பலவீனம். தனி அடையாளம் உள்ள வரியை உடையுங்கள்: 225-ல் 134 என்பதை 60 விழுக்காடு என்று எழுதுங்கள், 'ஓடிய' என்பதை 'விலகிய' ஆக்குங்கள். 96.9 போன்ற எண் வந்தாலே அறையில் சிரிப்பு எழும். அங்கே எண்ணை விட்டுவிட்டு, எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். அட்டையில் 'சுல்தான்' என்ற சொல் வந்தால் எல்லாருக்கும் பேராக் தெரிந்துவிடும், 'நாட்டின் முறைசார் தலைவர்' என்று போடுங்கள்.

ஒரே சாயல் உள்ள இரண்டு அட்டைகளை வெவ்வேறு சுற்றில் வைத்தால்தான் பயன். பேராக் 2009-க்கு ஜோடி சபா 1994: பிபிஎஸ் கட்சி 48-ல் 25 வென்று, சில வாரத்தில் தாவலில் கவிழ்ந்தது. பிரிட்டனின் லிஸ் டிரஸுக்கு 2022-ல் கட்சி உறுப்பினர்கள் மட்டும் 81,326 ஓட்டுப் போட்டுப் பிரதமராக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் சூனாக் அந்த ஓட்டும் இல்லாமல் வந்தார். அந்த இருவருக்கு ஜோடி நம் இஸ்மாயில் சப்ரி.

---

ஓட்டுக்_கணக்கு

அமெரிக்காவுக்கு ஒரு அட்டை போடுவீர்கள் என்றால் 2000-ஐயும் 2016-ஐயும் சேர்த்தே போடுங்கள். 2000-ல் கோர் நாடு முழுதும் 5 லட்சத்துக்கும் அதிகமாக முன்னணி, புளோரிடாவில் 537 ஓட்டில் தோல்வி. 2016-ல் ஹிலரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் முன்னணி, தேர்வாளர் குழுவில் 227-க்கு 304 என்று தோல்வி. இரண்டு தடவையும் ஒரே கட்சிதான் பயன் பெற்றது என்பதால் மாணவர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள். வென்ற கட்சியையும் தோற்ற கட்சியையும் அட்டையில் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெயர் வெளியானதும் எத்தனை பேர் பழைய தீர்ப்பில் நிற்கிறார்கள் என்று தெரியும்.

---

செந்தூல்_வாசி

சரி, வரிசை இப்படி வெச்சிடலாமா? முதல்ல எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியுமா. முடிஞ்சா ஓட்டு எப்படி இடமாச்சு, உபரி எங்கேருந்து வந்துச்சு. அப்புறம் இடம் எப்படி ஆளாச்சு, அவையில எப்போ எண்ணிக் காட்டினாங்க. கடைசியா அவரை இறக்க வழி இருக்கா. முதல் கேள்வியில விழுந்தவனுக்கு மத்த மூணும் கேக்கத் தேவையில்ல. இதுல எனக்கு ஆட்சேபனை இல்ல.

---

ஆயர்_ஈத்தாம்_மேடை

அதையே வைத்துக்கொள்கிறேன் அண்ணே. கடைசிக் கேள்விக்குத் தனி மதிப்பெண், மற்றதோடு கலக்காமல். பேராக்கும் சபாவும் முதல் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும், தாய்லாந்து அரையிறுதியில்.

---

புக்கிட்_பெண்டேரா

தாய்லாந்து அட்டையில் ஒரு திருத்தம் மறக்காதீர்கள். மேலவைக்குப் பிரதமர் தேர்வில் ஓட்டு இருந்தது 2024 மே வரைதான். அந்த ஆகஸ்டில் பேத்தோங்தான் 319 ஓட்டோடு பிரதமராகத் தேர்வானது கீழவையில் மட்டும். 250 பேர் இன்றும் ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஒரு மாணவர் நிகழ்காலத்தில் பேசினால் மணி அடித்துவிடலாம்.